உட்காரும் இடமும் கட்டும் தவணையும்

(இலுப்பூரில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'உள்ளாட்சியும் மகளிரும்'. பெரிய தலைப்பு. சுழல் நிதி, வங்கிக் கடன், தணிக்கை இதெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் தெருவைப் பத்தி மட்டும் பேசிட்டு உட்கார்ந்துடுறேன்.

இங்க இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் ரோட்டோரத்துல உட்கார்ந்து, இல்லைன்னா தலைச்சுமையா, தள்ளுவண்டியில வச்சு விக்கிறீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம். கீரை, பூ, கொய்யா, வேகவச்ச கடலை, பனங்கிழங்கு, இட்லிக் கடை எல்லாம் கணக்குத்தான். சரி. அப்படியே வச்சிருங்க. இதுல எத்தனை பேர்கிட்ட 'இவர் தெருவோர வியாபாரி'ன்னு பேர் போட்ட சான்றும் அடையாள அட்டையும் இருக்கு? இல்லாதவங்க கையை இறக்கிடுங்க. பார்த்தீங்களா? நான் பேச வந்தது இறங்கின கைகளைப் பத்தித்தான்.

நான் இலுப்பூருக்கு வந்து ரொம்ப காலம் ஆகலை. அதுக்கு முன்னாடி வேற ஒரு ஊர்ல இருந்தேன். ஊர் பேர் வேண்டாம். அங்க எங்க குழுவுக்கு நான்தான் ஊக்குநர். எங்க குழுவுல ஒரு அக்கா, கொய்யாப்பழம் விக்கிறவங்க. எல்லாரும் கொய்யாக்கான்னுதான் கூப்பிடுவோம். பஸ் ஸ்டாண்டு வாசல்ல, ஒரு மெடிக்கல் கடை ஓரமா, இருபது வருஷமா அதே இடம். வெயிலுக்கு ஒரு தார்ப்பாய், ஒரு தராசு, ஒரு உப்பு-மிளகாய்த்தூள் டப்பா. குழுவுல பதினைந்தாயிரம் கடன் வாங்கித் தள்ளுவண்டி போட்டாங்க. ஒரு தவணை தவறினதில்லை. மத்தவங்களுக்கு நான் அவங்களைத்தான் உதாரணம் காட்டுவேன்.

2016-ல அந்த ஊர்ல ரோட்டை அகலமாக்கணும், நெரிசலைக் குறைக்கணும்னு முடிவு பண்ணினாங்க. முடிவு தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த இடத்துல பஸ் திரும்புறதே கஷ்டம். ஆனா ஒரு நாள் காலையில லாரி வந்து நின்னுச்சு. கூடை, தார்ப்பாய், வண்டி எல்லாம் ஏறிடுச்சு. இனிமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிற காலி இடத்துல போய் வித்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவன் கொய்யா வாங்க கண்மாய்க் கரைக்கா போவான்?

மூணு மாசம் கொய்யாக்கா தவணை கட்டலை. குழுக் கூட்டத்துக்கும் வர்றதில்லை. வங்கியில நம்ம குழுவுக்கு அடுத்த கடன் வரணும்னா நிலுவை இருக்கக் கூடாதுல்ல? நான் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு அவங்க வீட்டு வாசலுக்குப் போனேன். 'உங்க ஒருத்தரால பதினோரு பேருக்குக் கடன் நிக்குது'ன்னு சத்தமாத்தான் சொன்னேன். தெருவுல எல்லாரும் பார்த்தாங்க. அவங்க ஒண்ணும் பேசலை. உள்ள போய் மகளோட கொலுசைக் கழட்டிக் கொண்டுவந்து என் கையில வச்சாங்க. நான் வாங்கிக்கிட்டேன். அதை வித்த காசை வரவு வச்சேன். தீர்மானப் புத்தகத்துல 'நிலுவைத் தொகை வசூல் செய்யப்பட்டது'ன்னு ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அது என் கையெழுத்துலதான் இன்னும் இருக்கு.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது. அந்த லாரி வந்த அன்னைக்கு, அதைத் தடுக்கிற சட்டம் வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கொய்யாக்காவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வட்டிக் கணக்கு, பேரேடு, தணிக்கை எல்லாம் பயிற்சி எடுத்திருந்தேன், இதை யாரும் சொல்லலை. நானும் கேட்கலை.

தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2014. அந்த வருஷம் மே 1-ம் தேதி அமலுக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சிக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. இலுப்பூர் மாதிரி பேரூராட்சிக்கும் பொருந்தும். அதுக்கு முன்னாடியே, 1989-ல சோடன் சிங் வழக்குல, நடைபாதையில வியாபாரம் செய்யறதும் அரசியல் சட்டம் கொடுத்த தொழில் உரிமைக்குள்ள வரும், ஆனா அதை அரசு ஒழுங்குபடுத்தலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அகமதாபாத்துல இலா பட் அம்மா 1972-ல தொடங்கின சேவா சங்கத்துல காய்கறி விக்கிற பெண்கள் நிறைய பேர். உட்கார ஒரு இடத்துக்காக அவங்க தெருவுலயும் கோர்ட்டுலயும் வருஷக் கணக்கா நின்னிருக்காங்க. அப்படிப் பல ஊர்ல பல பேர் போராடினதுக்கு அப்புறம் வந்த சட்டம் இது.

கொய்யாக்கா கதையை வச்சே அந்தச் சட்டத்தைச் சொல்றேன், அப்பத்தான் மனசுல நிக்கும். முதல்ல, ஊர்ல இருக்கிற தெருவோர வியாபாரிகள் எல்லாரையும் கணக்கெடுக்கணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுக்கணும். அந்தக் கணக்கெடுப்பு முடிஞ்சு சான்று கொடுக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கொய்யாக்கா ஊர்ல கணக்கெடுப்பே நடக்கலை. அப்படியே இடம் மாத்தணும்னாலும் முப்பது நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும். அவங்களுக்கு முப்பது நிமிஷம்கூட கொடுக்கலை. பொருளை எடுத்தா என்னென்ன எடுத்தாங்கன்னு பட்டியல் போட்டுக் கையெழுத்துப் போட்ட நகல் கொடுக்கணும். நாம போய்க் கேட்டு, விதிச்ச கட்டணத்தைக் கட்டினா, கெடாத பொருளை ரெண்டு வேலை நாளுக்குள்ள, பழம், பூ மாதிரி கெடுற பொருளைக் கேட்ட அன்னைக்கே திருப்பிக் கொடுக்கணும். அவங்க வண்டி திரும்பி வந்தப்ப சக்கரம் ஒண்ணு இல்லை. பழம் என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்னு. கணக்கெடுப்பும் திட்டமும் முடியாம எந்த இடத்தையும் 'இங்க விக்கக் கூடாது'ன்னு அறிவிக்க முடியாது. கூட்டம் அதிகமா இருக்குங்கிறதை மட்டும் காரணமா வச்சும் அறிவிக்க முடியாது. காலங்காலமா வாங்குறவங்களும் விக்கிறவங்களும் தானா வந்து கூடுற இடத்தைச் சட்டம் தனியா ஒரு பேர் சொல்லிக் குறிக்குது, இயல்பான சந்தைன்னு வச்சுக்கங்க. கணக்கெடுப்புல அப்படி ஒரு இடம் பதிவாயிட்டா அதைத் தடை செய்யப்பட்ட இடமாக்க முடியாது. பதிவாகணும். அதுதான் முக்கியம். இருபது வருஷமா உட்கார்ந்தேன்னு வாயால சொன்னா போதாது.

சரி, எங்க உட்காரலாம், எங்க கூடாதுன்னு யார் முடிவு பண்றது? இங்கதான் நீங்க நல்லா கவனிக்கணும். நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு. நம்ம மாதிரி ஊருக்குச் செயல் அலுவலர் தலைவரா இருப்பார். போலீஸ், சுகாதாரம், வணிகர் சங்கம், வங்கி எல்லாம் அதுல உண்டு. ஆனா நூத்துக்கு நாற்பது பேருக்குக் குறையாம தெருவோர வியாபாரிகளே இருக்கணும், அதுவும் தங்களுக்குள்ள தேர்தல் வச்சுத் தேர்ந்தெடுக்கப்பட்டவங்களா இருக்கணும். அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். சமூக அமைப்புகளுக்கும் பத்து சதவீதத்துக்குக் குறையாம இடம் இருக்கு. நம்ம கூட்டமைப்பு சமூக அமைப்பு இல்லாம வேற என்ன? இத்தனை வருஷம் நாம மனு கொடுத்தோம், சால்வை போட்டோம், விழாவுக்குக் கோலம் போட்டோம். அந்தக் குழுவுல எங்களுக்கு ஒரு நாற்காலி வேணும்னு எழுதிக் கொடுத்திருக்கோமா?

நாற்காலி இல்லைன்னா என்ன ஆகும்? சென்னை தி.நகர் பாண்டி பஜார் தெரியும்ல, டிவியில பார்த்திருப்பீங்க. அங்க நடைபாதையில கடை போட்டவங்களை 2013-ல மாநகராட்சி கட்டின பல மாடி வளாகத்துக்கு மாத்தினாங்க. தெருவுல விட்டுட்டுப் போகலை, கட்டடம் கட்டிக் கொடுத்தாங்க, அதைச் சொல்லணும். ஆனா நடந்து போறப்ப கண்ணுல பட்டு வாங்குற பொருளை மாடி ஏறி வாங்க ஆள் வரலைன்னு வியாபாரிகள் புலம்பினாங்க. பூ விக்கிற ஒரு பொம்பளை திட்டம் போடுற மேஜையில உட்கார்ந்திருந்தா முதல் நாளே சொல்லியிருப்பா, 'சார், முழப் பூ வாங்க யாரும் படி ஏற மாட்டாங்க'ன்னு. அதைச் சொல்ல இன்ஜினியருக்குப் படிக்க வேண்டாம். 2019 நவம்பர்ல அதே ரோடு அகலமான நடைபாதையோட திறக்கப்பட்டுச்சு. நடக்க அருமையா இருக்கு. நானும் போய்ப் பார்த்தேன், பெஞ்சுல உட்கார்ந்தேன். கீரைக்காரி ஒருத்தியையும் காணோம். நான் போன நேரம் அப்படி இருந்திருக்கலாம்.

நம்ம மாவட்டத்துக்கு இது புதுசா என்ன? இடத்தைப் பத்தின முடிவுல பெண்கள் பேரு வந்தா என்ன நடக்கும்னு புதுக்கோட்டைக்காரிகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1990-களோட ஆரம்பம், அறிவொளி இயக்கம் ஊர் ஊரா நடந்த நேரம். நம்ம அக்காமார் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட கதையை எல்லா மேடையிலயும் சொல்வாங்க. அதே நேரம் இன்னொன்னும் நடந்தது, அதை அவ்வளவா சொல்றதில்லை. ஷீலா ராணி சுங்கத் அம்மா ஆட்சியரா இருந்தப்ப, கல் குவாரியில கூலிக்குக் கல் உடைச்ச பெண்களுக்கே, குழுவாச் சேர்த்து, குவாரியைக் குத்தகைக்குக் கொடுத்தாங்க. நேத்து வரைக்கும் காண்ட்ராக்டர் கொடுத்ததை வாங்கிக்கிட்டுப் போனவங்க, இன்னைக்குக் கணக்கு எழுதி, லோடு எண்ணி, கூலி பிரிச்சாங்க. காண்ட்ராக்டர்கள் சும்மா இருப்பாங்களா, எதிர்த்தாங்க. பாறை அதே பாறைதான், சம்மட்டியும் அதேதான். குத்தகைப் பத்திரத்துல இருக்கிற பேர் மாறிச்சு.

குத்தகைக்குக் காலக்கெடு உண்டு, ஆட்சியருக்கு மாறுதல் உண்டு. நல்ல அதிகாரி வந்தா நடக்கும்னு காத்திருக்கிறதுல எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்லை. அந்த அம்மா மேல எனக்கு இருக்கிற மரியாதையோடதான் இதைச் சொல்றேன்.

இன்னும் ஒரு இடத்துல நாம கண்ணைத் திறந்து வச்சிருக்கணும். நம்ம ஊரைச் சுத்தி வயக்காடு மனையா மாறுறதைப் பார்க்கிறீங்க. மஞ்சக் கல்லு நட்டு, கொடி கட்டி, வேன் வச்சுக் கூட்டிப் போய்க் காட்டுறாங்க. நம்ம குழுவுலயே சீட்டுப் போட்டு மனை வாங்கினவங்க இருக்கீங்க. வாங்குறதுக்கு முன்னாடி நகர் ஊரமைப்பு அனுமதி இருக்கான்னு பாருங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் சொன்னப்ப எத்தனை பேர் தலையில கை வச்சோம்! நான் சொல்ல வந்தது வேற. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல, அதாவது ரெண்டரை ஏக்கர் அளவுக்கு மேல மனை பிரிச்சா, பத்து சதவீத இடத்தைப் பொது இடமா ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கணும். மனைக்கு நடுவுல போற ரோடும் அப்படித்தான் உள்ளாட்சிக்கு வரும். அந்தப் பொது இடம் பூங்காவுக்கும் பிள்ளைங்க விளையாடவும், கடை போட இல்லை. ஆனா ரோடு எவ்வளவு அகலம், எந்த முக்குல பஸ் நிக்கும்னு வரைபடத்துல கோடு போடுற நேரத்துல யாரும் தள்ளுவண்டியை நினைக்கிறதில்லை. பத்து வருஷம் கழிச்சு அங்க ஆயிரம் வீடு வந்த பின்னாடி, நம்ம மக ஒருத்தி கீரைக்கூடையோட போய் நின்னா, 'ரோட்டை மறிக்காதே'ன்னு துரத்துவாங்க.

இப்ப கொஞ்சம் நம்மளையும் பேசிக்குவோம். கோவிச்சுக்காதீங்க. ரோடு நம்மளுக்கு மட்டும் இல்லை. புதுக்கோட்டை, விராலிமலை, மணப்பாறை பஸ் எல்லாம் போகணும். ஆஸ்பத்திரிக்குப் போற கர்ப்பிணி நடந்து போகணும், கண்ணு தெரியாதவர் கம்பு தட்டிப் போகணும். நாம ஒரு கூடையோட ஆரம்பிக்கிறோம், அப்புறம் பெட்டி, அப்புறம் நாலு கம்பு நட்டு ஷெட்டு. சில பேர் இடத்தை நாள் வாடகைக்கு விடுறாங்க. சான்று வாங்கினவங்க தானோ குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்யணும், வாடகைக்கு விடக் கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. நமக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் படிச்சுட்டுப் புத்தகத்தை மூட முடியாது. பெரிய கடைக்காரங்க படியையும் பலகையையும் ரோடு வரைக்கும் நீட்டி வைக்கிறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே பார்க்கிறீங்க.

ரசீதைப் பத்திச் சொல்லிடுறேன், மறந்துடுவேன். சந்தையிலயும் தரைக்கடையிலயும் வசூல் பண்ண ஏலம் எடுத்தவங்க வந்து காசு வாங்குவாங்கல்ல, ஒரு துண்டு ரசீது கொடுப்பாங்க. சில பேர் அதுல வெத்தலை மடிக்கிறீங்க. இனிமே மடிக்காதீங்க. தேதியோட இருக்கிற அந்த ரசீது, நீங்க அந்த இடத்துல உட்கார்ந்தீங்கங்கிறதுக்கு ஒரு ஆதாரம். ரசீது கொடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க. ரசீதுல இருக்கிற தொகையும் நீங்க கொடுத்த தொகையும் ஒண்ணுதானான்னும் பாருங்க.

பக்கத்து ஊராட்சிகள்ல இருந்து காலையில முதல் பஸ்ல கூடையோட வர்ற அக்காமார், 'நாங்க இலுப்பூர் ஆளு இல்லையே, எங்களை எழுதுவாங்களா'ன்னு கேட்டீங்க. நீங்க எங்க உட்கார்ந்து விக்கிறீங்களோ அந்த ஊர்லதான் உங்க பேர் வரணும். ரேஷன் கார்டு எந்த ஊர்ல இருந்தாலும் கேளுங்க.

சான்று இருந்தா பிரதமர் ஸ்வநிதி கடனும் லேசா வரும். கொரோனா நேரத்துல, 2020 ஜூன்ல, பத்தாயிரம்னு ஆரம்பிச்சாங்க. இப்ப முதல் தவணைக் கடன் பதினைந்தாயிரம், அதைக் கட்டி முடிச்சா இருபத்தஞ்சாயிரம், அப்புறம் ஐம்பதாயிரம். 2030 மார்ச் வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. நல்லதுதான், வாங்குங்க. ஆனா கூட்டமைப்பு நிர்வாகிகள்கிட்ட ஒரு கோரிக்கை. நாம கடன் கொடுக்கிறப்ப தொழில் என்னன்னு கேட்டு எழுதுறோம். இனிமே அந்தப் படிவத்துல இன்னொரு கட்டம் சேர்க்கணும். 'தொழில் செய்யும் இடம் எது, அந்த இடத்துக்கு என்ன ஆதாரம்?' ஆதாரம் இல்லைன்னா கடன் இல்லைன்னு அர்த்தம் இல்லை. அப்ப ஆதாரம் வாங்கித் தர்றது நம்ம வேலைன்னு அர்த்தம். ஒருத்தி தவணை தவறினா, அவ வீட்டு வாசலுக்குப் போறதுக்கு முன்னாடி, அவ உட்கார்ந்திருந்த இடத்தைப் போய்ப் பாருங்க. அங்க என்ன நடந்திருக்குன்னு பாருங்க. நான் போகலை.

அப்புறம் பகுதி சபைக் கூட்டம். 2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்துல இருந்து நகர்ப்புறத்துலயும் கிராம சபை மாதிரி கூட்டம் நடக்க ஆரம்பிச்சிருக்கு. தண்ணி வரலை, லைட் எரியலைன்னு சொல்லிட்டு வந்துடுறோம். அதையும் சொல்லணும். அதோட சேர்த்து மூணு கேள்வியை எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்க: நம்ம ஊர்ல தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு கடைசியா எப்ப எடுத்தீங்க, அந்தப் பட்டியலை எங்க ஒட்டியிருக்கீங்க, நகர விற்பனைக் குழுவுல பெண் உறுப்பினர்கள் யார் யார்? பதில் வாயால சொன்னா, எழுத்துல கொடுங்கன்னு கேளுங்க. கோபமா கேட்க வேண்டாம். நம்ம பிள்ளைங்க வயசு அலுவலர்கள், வேலை நிறைய இருக்கு, அவங்களையும் பார்க்கணும். ஆனா எழுத்துல வாங்காம வீட்டுக்கு வராதீங்க.

கொய்யாக்கா என்ன ஆனாங்கன்னு முன்வரிசையில இருந்து சைகையில கேட்கிறீங்க. கண்மாய்க் கரையில ஒரு வருஷம் பார்த்துட்டு வியாபாரத்தை விட்டுட்டாங்க. திருப்பூருக்கு மகளோட போய்ப் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுறாங்க. போன தை மாசம் போன் பண்ணினேன். கொலுசைப் பத்தி நான்தான் ஆரம்பிச்சேன். 'அது எப்பவோ நடந்தது, விடு தங்கச்சி'ன்னாங்க. அப்புறம், 'உங்க இலுப்பூர்ல கொய்யா என்ன விலை போகுது'ன்னு கேட்டாங்க.

கூட்டமைப்புச் செயலாளர் கடிகாரத்தைக் காட்டுறாங்க. பின்பக்கம் வாசல் ஓரத்துல ஒரு மேஜை போட்டிருக்கோம். சாப்பிட்டு முடிச்சதும் ரோட்டோரம் விக்கிறவங்க எல்லாரும் அங்க வந்து பேர், விக்கிற பொருள், உட்கார்ற இடம், எத்தனை வருஷம்ங்கிறதை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு நம்ம பிள்ளைங்க எழுதித் தருவாங்க. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், ஒரு போட்டோ நாளைக்குக் கொடுத்தாலும் போதும். அந்தப் பட்டியலைக் கூட்டமைப்புத் தீர்மானத்தோட சேர்த்துத் திங்கட்கிழமை பேரூராட்சி அலுவலகத்துல கொடுத்து, பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வாங்கப் போறோம். பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். வர்றவங்க வாங்க.